முக்திநாத் வழியில் முதல் ராத்திரி

கேள்வி: ஆவணியில் 22 பேர் நேபாளத்திலுள்ள முக்திநாத் கோயிலுக்குப் போகிறோம். பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ரயில் காலை 11 மணிக்குக் கோரக்பூர் போய்ச் சேரும். அன்றைக்கே எல்லை தாண்டி பஸ்ஸில் போக்ரா போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். சரிப்படுமா?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டாம் அம்மா. எல்லையைத் தாண்டியதும் பைரஹவாவிலோ, புத்தர் பிறந்த லும்பினியிலோ தங்கிவிடுங்கள்.

முதல் தடவை 18 பேரை அழைத்துப் போனபோது நானும் இப்படித்தான் கணக்குப் போட்டேன். கோரக்பூரிலிருந்து சுனௌலி எல்லை ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ரயில் தாமதம், லாரி வரிசை எல்லாம் சேர்ந்து, நாங்கள் மூட்டையோடு இறங்கி நடந்து எல்லை தாண்டும்போது மணி நாலு. புட்வலுக்கு அப்புறம் முழுக்க மலைப்பாதை. பால்பா வருவதற்குள் இருட்டிவிட்டது. எழுபது வயதுப் பெரியம்மா ஒருவர் வாந்தி எடுத்து ஓய்ந்து, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, "என்னை இங்கேயே விட்டுட்டுப் போங்கப்பா" என்றார். கிளீனர் பையன் டார்ச் அடிக்க, நான் அவர் வாயைக் கழுவிவிட்டேன். போக்ரா சேர்ந்தபோது நடுநிசி.

அதிலிருந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் பெலஹியாவில் நேபாள பஸ் ஒன்றைக் காத்திருக்கச் சொல்லிவிடுகிறேன். இந்திய பஸ்ஸையே உள்ளே கொண்டுபோனால் 'பன்சார்' எனும் சுங்கச் சீட்டு, நாள் கணக்கில் கட்டணம் என்று நேரம் போய்விடும். சாயங்காலம் லும்பினியில் மாயாதேவி கோயில், அசோகர் தூண் பார்த்துவிட்டுத் தூங்கலாம். விடிகாலை ஐந்துக்குக் கிளம்பினால் மலையைப் பகலிலேயே தாண்டிவிடலாம். நேபாள நேரம் நம்மைவிட 15 நிமிடம் முந்தியது. எந்த ஊர் ஐந்து மணி என்று ராத்திரியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

ஆவணி மாதம்தான் எனக்குக் கவலை. அங்கே அது நல்ல மழைக்காலம். புட்வலை விட்டதும் சித்தபாபா கோயில் பக்கம் பாறை உருளும். முடிந்தால் ஐப்பசிக்குத் தள்ளிப்போடுங்கள்.

நமக்கு விசா வேண்டாம். ஆனால் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை, அசலாகவே, ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். ஆதாரை மட்டும் நம்பி யாரும் கிளம்ப வேண்டாம். பணத்தை நூறு ரூபாய் நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள். நம் 100 ரூபாய்க்கு அங்கே 160.

அறை போடும்போது முட்டிவலிக்காரர்களுக்குத் தரைத்தளம் கேளுங்கள். அங்கே நான் தங்கிய லாட்ஜ்களில் பாதிக்கு லிஃப்ட் கிடையாது.