அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கீடு இருக்கும்போது, அதற்குமேல் அரசு செய்ய வேண்டியது என்ன?

பிறவியிலேயே பார்வை குறைந்த நான், ஒதுக்கீட்டின் வழியாக ஓர் அரசு அலுவலகத்தில் சேர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பணியிடம் கொடுப்பது வேறு, பணி கொடுப்பது வேறு என்பதுதான் இந்தக் கேள்விக்கு என் அனுபவம் தரும் பதில்.

சேர்ந்த முதல் ஓராண்டு என் மேசைக்கு ஒரு கோப்புகூட வரவில்லை. உடன் பணியாற்றியவர்கள் என்னை வெறுத்தவர்கள் அல்லர். "நீங்கள் சிரமப்பட வேண்டாம் சார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பரிவோடுதான் சொன்னார்கள். ஆனால் காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டு, மாலைவரை வெறுமனே அமர்ந்திருந்து, மாதக் கடைசியில் சம்பளம் வாங்கிய அந்த ஓராண்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தைவிடக் கடினமாக இருந்தது. பிறகு வந்த பிரிவு அலுவலர்தான், "உங்களுக்கு என்ன இருந்தால் இந்தக் கோப்புகளைப் பார்க்க முடியும்?" என்று முதன்முதலாகக் கேட்டார். கணினித் திரையில் உள்ள எழுத்தைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பு மென்பொருளும், வரும் கடிதங்களை ஸ்கேன் செய்த படங்களாக அல்லாமல் எழுத்துக் கோப்புகளாக அனுப்பும் வழக்கமும் போதும் என்றேன். கண்ணுக்கு எழுத்துள்ள பக்கமாகத் தெரியும் ஸ்கேன் கோப்பு அந்த மென்பொருளுக்கு வெறும் படம்தான். அதில் உள்ள சொற்களை அதனால் நேரடியாக வாசித்துக் காட்ட இயலாது. இவ்விரண்டும் அமைந்த பிறகு ஓய்வூதியக் கோப்புகளை நானே முழுமையாகக் கவனிக்கத் தொடங்கினேன்.

ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். தனியார் துறையைப் பொறுத்தவரை, ஏற்ற கொள்கைகளால் வேலைவாய்ப்பை ஊக்குவிக்குமாறு கூறும் அப்பிரிவு, அரசுத் துறையைப் பற்றிப் பேசும்போது, பணியில் அமர்த்துங்கள் என்று நேராகவே சொல்லிவிட்டு, பணியிடத்தில் நியாயமான மாற்றங்களைச் செய்து தரும் கடமையையும் அதே பட்டியலில் வைக்கிறது. முதலாவதைச் செய்து இரண்டாவதை விட்டுவிடும் அரசு, கடமையில் பாதியைத்தான் செய்கிறது என்பேன்.

ஒதுக்கீட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் என்ன நேரும் என்பதற்கு ஜப்பானே சான்று. அங்கே மத்திய அமைச்சகங்கள், உரிய சான்றைப் பார்க்காமல் 3,000-க்கும் மேற்பட்டோரை மாற்றுத்திறனாளிகளாகக் கணக்குக் காட்டியிருந்தது 2018-இல் வெளியானது; கண்ணாடி அணியாதபோது பார்வை குறைவாக இருந்த ஊழியர்கள்கூட அந்தக் கணக்கில் இருந்தார்கள். இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு வேலை ஒதுக்கீட்டை 3 விழுக்காட்டிலிருந்து 4 ஆக உயர்த்தியது பலருக்கும் தெரியும். பணிக்காலத்தில் குறைபாடு ஏற்பட்ட ஊழியரை அரசு நிறுவனம் வேலையிலிருந்து நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது, அவரால் அதே பணியைத் தொடர முடியாவிட்டால் அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்று அது சொல்வதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஜெர்மனியில், தகுதி இல்லை என்பது வெளிப்படையாகத் தெரிந்தாலன்றி, கடுமையான குறைபாடுள்ள விண்ணப்பதாரரை அரசு நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைத்தே ஆக வேண்டும். விண்ணப்பத்தைப் படித்தவுடனேயே ஒதுக்கிவைக்கும் பழக்கத்தை நேரடியாகத் தடுப்பதால், இந்த விதியை நான் மிகவும் மதிக்கிறேன்.

அதற்குமேல் என்ன என்று கேட்டால், பணியில் சேரும் நாளிலேயே ஊழியரின் தேவைகளை அவரிடமே கேட்டு, எழுத்தில் பதிந்து, அந்தப் பதிவு அவருடைய பணிப்பதிவேட்டோடு செல்லுமாறு செய்ய வேண்டும். நான் வேறு பிரிவுக்கு மாற்றப்பட்டபோது திரைவாசிப்பு மென்பொருள் பழைய கணினியிலேயே தங்கிவிட்டது. புதிய இடத்தில் அதைப் பெற மூன்று மாதங்கள் கடிதம் எழுதிக் காத்திருந்தேன், அதுவரை மறுபடியும் வெறுமனே அமர்ந்திருந்தேன்.