நாவற்குழிப் பாலம் வரை

அன்புள்ள அண்ணா,

நானும் கணவரும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது விரும்பியவர்கள். 1995 இடப்பெயர்வில் வெளிக்கிட்டு, கடைசியில் கனடா வந்து சேர்ந்தோம். அதற்குப் பிறகு ஊருக்குப் போகவேயில்லை. எனக்கு அவரோடு ஒருதரம் போய்வர வேண்டும். அவரோ, போய்ப் பார்த்தால் மனதில் இருப்பதும் அழிந்துவிடும் என்கிறார். நீங்கள் மனைவியோடு போய்வந்தவர். என்ன சொல்கிறீர்கள்?

ஒரு வாசகி, ரொறொன்ரோ

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கணவருக்கு இருக்கும் பயம் எனக்கும் இருந்தது. நாங்கள் போனது 2015இல். 1990இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில், அதற்கு முந்தைய ஒக்ரோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. ஆனையிறவைத் தாண்டும்போது நானும் மனைவியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

நான் தேடிப் போனது ஒரு வீட்டின் விறாந்தையை. உங்களுக்கு அந்தப் போர்க்காலம் தெரியும்: மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை, ஜாம் போத்தல் விளக்குத்தான் வெளிச்சம். இரவானால் அந்த விறாந்தையில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்போம். பிபிசி தமிழோசைச் செய்திக்கு ஒழுங்கை முழுக்க வந்துவிடும். சுற்றுகிறவன் நான். அவள் தகப்பனோடு வந்து தூணடியில் நிற்பாள். அவளைப் பார்த்தால் கை தளரும், செய்தி தேயும், பெரியவர்கள் ஏசுவார்கள். எங்கள் காதல் தொடங்கியது அங்கேதான் என்று இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

வீடு இல்லை. புது மதிலும் இரும்புக் கேற்றும் நின்றன. நான் உடைந்துபோய்விட்டேன், மறைக்கவில்லை.

அப்போது அவள் சொன்னாள், "சரி, இனி நான் சொல்லும் இடத்துக்கு வாங்கோ."

ஓட்டோவில் நாவற்குழிப் பாலத்துக்குக் கூட்டிப்போனாள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், யாழ்ப்பாண நகரும் சுற்றுப்புறமுமான வலிகாமமே இந்தப் பாலத்தால் கிழக்கே தென்மராட்சிப் பக்கம் நடந்த இரவு. அவளுடைய அம்மாவின் மூட்டையை என் சைக்கிள் ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு விடியும்வரை உருட்டினேனாம். எனக்கு அந்த இரவில் நினைவிருந்தது சனமும் சேறும் மட்டுமே. அவளுக்கு அந்த இரவில்தான் முடிவு வந்திருக்கிறது, இவனைத்தான் கட்டுவது என்று. விறாந்தையில் நான் பார்த்ததை அவள் கவனிக்கவேயில்லையாம், செய்தி கேட்கத்தான் வந்தாளாம்! இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பாலத்தில் நின்றிராவிட்டால் இன்றும் பேசியிருக்க மாட்டோம்.

அதனால், போங்கள் தங்கச்சி. கணவரிடம் 'வாங்கோ' என்று கேட்பதற்கு முன்னால், எந்த இடம் அழிந்துவிடும் என்று பயப்படுகிறார் என்று கேளுங்கள். அது நீங்கள் நினைக்கும் இடமாக இருக்காது. முதல் நாளை அவருக்கு விடுங்கள், அடுத்த நாள் நீங்கள் கூட்டிப்போங்கள்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வேண்டாம். சாமி கும்பிட நல்லது, இருவர் தனியாகக் கதைக்க அல்ல. மழை ஓய்ந்த தை, மாசி நல்லது. சென்னை வழியாக வந்தால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலேயே இறங்கலாம். வாகனம் பிடிக்காமல் இரண்டு சைக்கிள் எடுங்கள். பரமேஸ்வராச் சந்தியிலிருந்து பல்கலைக்கழக வளாகம் வரைக்குமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடிப்பாருங்கள். அந்த நாளில் அப்படி ஓடியிருக்க முடியாது, பத்துப் பேர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்கள்.

போய்வந்து எழுதுங்கள். அவர் எந்த இடத்தைச் சொன்னார் என்பதையும்.