பேட்ஜ் எங்கே இருக்க வேண்டும்?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருக்கிறேன். உடலில் படும் கதிர்வீச்சைப் பதிவுசெய்யும் டிஎல்டி பேட்ஜை லெட் ஏப்ரனுக்கு (ஈயக் கவச அங்கிக்கு) மேலே குத்த வேண்டும் என்கிறார் ஒருவர். உள்ளே என்கிறார் மற்றொருவர். 3 மாதத்துக்கு ஒருமுறை பேட்ஜ்கள் ஆய்வகத்துக்குப் போகின்றன. எனக்கு எவ்வளவு பதிவானது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. நான் கேட்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: ஏப்ரனுக்கு உள்ளே, மார்பு உயரத்தில் அணிய வேண்டும். பணியாளருக்கென வகுக்கப்பட்ட வரம்பு உடல் முழுவதும் ஏற்கும் அளவைப் பற்றியது என்பதால், ஏப்ரனைக் கடந்து உடலை வந்தடைவது எவ்வளவு என்பதுதான் தெரிய வேண்டும். வெளியே குத்தினால், ஏப்ரன் தடுத்த கதிர்வீச்சும் உங்கள் பெயரில் ஏறிவிடும். கேத் லேபில் (இதய ரத்தக் குழாய்களை எக்ஸ்ரே மூலம் பார்த்துச் சிகிச்சை செய்யும் அறையில்), நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர்களுக்கு அருகிலேயே நெடுநேரம் நிற்பவர்கள், கண்கள் ஏற்கும் அளவை அறியக் கழுத்தருகே வெளியில் இன்னொரு பேட்ஜ் அணிவதுண்டு. அது தனிக் கணக்கு; இரண்டையும் இடம் மாற்றி அணியக் கூடாது.

இந்தியாவில் புழங்கும் பேட்ஜினுள் ஓர் அலுமினிய அட்டையும், அதில் டிஸ்ப்ரோசியம் சிறிதளவு கலந்த கால்சியம் சல்பேட் வில்லைகள் மூன்றும் இருக்கும். அவை கதிர்வீச்சின் ஆற்றலைத் தேக்கிவைத்து, ஆய்வகத்தில் சூடேற்றும்போது ஒளியாக வெளிவிடுகின்றன. அந்த ஒளியின் அளவிலிருந்து கணக்கு எடுக்கப்படுகிறது. ஒரு வில்லை உலோக வடிகட்டிக்குப் பின்னும், இன்னொன்று பிளாஸ்டிக்குக்குப் பின்னும், மூன்றாவது திறந்த சாளரத்துக்கு நேராகவும் அமைந்திருப்பதால், பட்டது எவ்வகைக் கதிர், எவ்வளவு ஆற்றல் உடையது என்று பிரித்தறிய முடிகிறது. அட்டையைத் திருப்பிச் செருகினால் இந்த ஏற்பாடே குலைந்துவிடும்.

பல மருத்துவமனைகளில் நான் குறையாகக் காண்பது வேறொன்று: பணி முடிந்ததும் பேட்ஜை ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போவது. அப்போது பதிவாவது அந்த அறைக்கு உரிய அளவே தவிர உங்களுடையது அன்று. கன்ட்ரோல் பேட்ஜ் என்று யாருக்கும் கொடுக்காத ஒன்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வரும். எக்ஸ்ரே கதிர் எட்டாத இடத்தில் அதை வைத்து, அதில் பதிவாகும் இயற்கைப் பின்னணி அளவை மற்றவர்களின் கணக்கிலிருந்து கழிப்பார்கள். அதையும் எக்ஸ்ரே அறையில் வைத்துவிட்டால் அனைவரின் அளவும் பொய்யாகக் குறைந்து காட்டும். அளவு கூடினால் யாராவது விசாரிப்பார்கள், பொய்யாகக் குறைந்தால் ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள் என்பதால், இரண்டில் இதுவே ஆபத்தான பிழை. நீங்களே நோயாளியாக எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளும்போது பேட்ஜைக் கழற்றிவிடுங்கள். அந்த அளவு பணிக்கணக்கில் சேராது.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் பணியாளருக்கு விதித்திருக்கும் வரம்பு, தொடர்ந்து வரும் 5 ஆண்டுகளின் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. ஒரே காலாண்டில் 10 மில்லிசீவர்ட்டைத் தாண்டினாலே விசாரணை உண்டு. இயற்கையிலிருந்து ஒருவர் ஏற்பது உலகச் சராசரியாக ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட் என்பதோடு இவற்றை ஒப்பிட்டுக்கொள்ளலாம். உங்கள் அளவைத் தாராளமாகக் கேட்கலாம். 2004ஆம் ஆண்டின் அணுசக்தி (கதிர்வீச்சுப் பாதுகாப்பு) விதிகளின்படி, ஆண்டுதோறும், நீங்கள் கேட்கும்போதும், பணியிலிருந்து விலகும்போதும் அதைத் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. எழுத்து மூலம் கேளுங்கள். வேறு மருத்துவமனைக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எக்ஸ்ரே பிரிவில் பணிபுரியும் என் மனைவி கருவுற்றிருக்கிறார். சொன்னால் வேலை போய்விடுமோ என்று தயங்குகிறார்.
– வாசகர், திண்டுக்கல்

பதில்: தயங்காமல் உடனே எழுத்து மூலம் தெரிவிக்கச் சொல்லுங்கள். தெரிவிக்க வேண்டும் என்று மேற்சொன்ன விதிகளே கூறுகின்றன. பணிச்சூழலை மாற்றித் தருவதற்காகத்தான் அந்த ஏற்பாடு, வேலையை விட்டு நீக்குவதற்காக அன்று. அறிவித்தபின், எஞ்சிய கர்ப்ப காலம் முழுவதிலும் கருவுக்குச் சேரும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டாதபடி பணி அமைய வேண்டும்.

கேள்வி: இரிடியம் கேமரா (கதிரியக்க இரிடியத்தின் கதிர்களால் உலோகத்தின் உட்புறத்தைப் படம் எடுக்கும் கருவி) கொண்டு வெல்டிங் இணைப்புகளைச் சோதிக்கும் குழுவில் உதவியாளராக இருக்கிறேன். பேட்ஜ் அணிந்திருக்கும்போது சர்வே மீட்டரும் (அந்த இடத்தின் கதிர்வீச்சை உடனே காட்டும் கருவி) கட்டாயமா?
– வாசகர், திருச்சி

பதில்: கட்டாயம், உங்கள் தொழிலில் பேட்ஜைவிட மீட்டரே முக்கியம் என்பேன். பேட்ஜின் கணக்கு வர மாதங்கள் ஆகும். கேமராவுக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்ட இரிடியம்-192 துண்டு, அதாவது கதிர்வீச்சு மூலம், சில நிமிடங்களிலேயே கையைப் புண்ணாக்கிவிடும். 1999இல் பெரு நாட்டின் யனாங்கோ நீர்மின் நிலையத்தில், கழன்று கிடந்த இத்தகைய மூலத்தை என்னவென்று அறியாத ஒரு வெல்டர் எடுத்துக் காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம் பையில் இருந்ததற்கு ஒரு காலையே இழக்க நேர்ந்தது. ஒவ்வொரு படம் எடுத்தபின்னும் மீட்டரைக் கையில் பிடித்தபடியே கேமராவை நெருங்குங்கள். மூலம் வெளியே போய்வரும் வழிகாட்டிக் குழாயின் முனை வரை பார்த்து, மூலம் உள்ளே திரும்பியதை உறுதிசெய்த பிறகே ஃபிலிமை எடுங்கள். அளவு இறங்கவில்லை என்றால் எதையும் தொடாமல் விலகி, சுற்றிலும் கயிறு கட்டி ஆட்களை நிறுத்தி, கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் அளவு நான்கில் ஒன்றாகக் குறையும். மீட்டர் பழுதாகியிருக்கும் நாளில் படம் எடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.