எண்ணெய்ப்பனைத் தோப்பில் பருவத்துக்கொரு களை

கேள்வி: திருவாரூர் பக்கம் உள்ள எங்கள் எண்ணெய்ப்பனைத் தோப்பைச் சென்னையிலிருந்தே கவனித்து வருகிறேன். கன்றுகளுக்கு இரண்டு வயது. கோடையில் கோரை மட்டும் தெரிகிறது. தீபாவளிக்குப் போனால் வேறு செடிகள் மண்டிக் கிடக்கின்றன. எப்போது களையெடுப்பது?
– வாசகர், வேளச்சேரி

பதில்: களை விதைகள் மண்ணில் எப்போதும் இருந்தாலும், ஈரமும் வெப்பமும் ஒத்துவரும் வகைதான் அந்தந்தப் பருவத்தில் முளைக்கிறது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் சாரணை, பார்த்தீனியம் போன்று விதையால் பரவும் செடிகள் கிளம்புகின்றன. அவை பூக்கும் முன்பே பிடுங்கிவிடுங்கள். பூத்த பிறகு பிடுங்குவது அடுத்த ஆண்டுக்கு விதைப்பதற்குச் சமம். கோடையில் மேல்மண் காய்ந்ததும் இவை பட்டுப்போக, நிலத்தடிக் கிழங்கை நம்பி வாழும் கோரை தாக்குப்பிடிக்கிறது. அதிலும் கன்றைச் சுற்றிச் சொட்டுநீர் விழும் வட்டப்பாத்தியில் கோரைக்குக் கோடையே கிடையாது. அதை மேலோட்டமாகச் செதுக்கினால், தொடர்பு அறுந்த கிழங்குகள் தனித்தனியே துளிர்த்து முன்பைவிட அடர்த்தியாகும் என்பதால், கிழங்கோடு தோண்டி எடுப்பதே நல்லது.

ஆனால் எண்ணெய்ப்பனையின் உணவு உறிஞ்சும் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால், கோரைக் கிழங்கை எடுக்கும்போதும் வட்டப்பாத்தியில் ஆழக் கொத்தக் கூடாது. 9 மீட்டர் இடைவெளியில் வரிசைகளுக்கு நடுவே வெயில் தாராளமாக விழும் இந்த வயதில், அங்கே தட்டைப்பயறு விதைத்து மூடலாம். மட்டைகள் கூடி நிழல் அடைந்த பின், வெயில் விரும்பும் களைகள் தாமே குறைந்துவிடும்.