பேலா தார்: கேட்டவர்களுக்குப் பதில்

ஹங்கேரி இயக்குநர் பேலா தார் பற்றி எழுதப்போய் கேள்விகள் குவிந்துவிட்டன. முடிந்தவரை சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: இவர் படங்களை போனில் பார்க்காதீர்கள்.

கேள்வி: எந்தப் படத்தில் தொடங்கலாம் சார்?

'வெர்க்மைஸ்டர் ஹார்மோனிஸ்' (2000). 145 நிமிடம், மொத்தமே 39 ஷாட் (நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டத்தில் எடுத்த துண்டுதான் ஷாட்). முதல் ஷாட் மட்டும் பத்து நிமிடம். சாராயக்கடை மூடும் நேரம். அடுப்பில் எரியும் தீ அணைக்கப்படுகிறது. வலுஷ்கா என்கிற வெள்ளந்தி இளைஞன் ஒரு குடிகாரரை நடுவில் நிறுத்தி, நீங்கதான் சூரியன் என்கிறான். அவர் விரல்களை ஆட்டுகிறார், அதுதான் கதிர். இன்னொருவர் பூமி, மூன்றாமவர் நிலா. தள்ளாடித் தள்ளாடிச் சுற்றுகிறார்கள். கிரகணம் வருகிறது, எல்லோரும் அப்படியே நிற்கிறார்கள், பிறகு இசை. கடைசியில் கடைக்காரர் கதவைத் திறந்து எல்லோரையும் வெளியே போகச் சொல்கிறார். இது பிடித்தால் உள்ளே வாங்க. பிடிக்கவில்லையென்றால் மற்ற படங்களும் பிடிக்காது, தப்பில்லை.

கேள்வி: ஒரே ஷாட்டை அரை மணி நேரம் எடுப்பாராமே?

பிலிமில் முடியாது. 300 மீட்டர் சுருள் கேமராவில் ஓடுவது ஏறத்தாழ 11 நிமிடம்தான். அதனால் அவருடைய நீண்ட ஷாட்கள் அந்த வரம்புக்குள்ளேயே நிற்கும். வீடியோவில் எடுத்தபோது வேறு கதை: 1982இல் தொலைக்காட்சிக்குச் செய்த 'மேக்பெத்' மொத்தமே இரண்டு ஷாட், இரண்டாவது மட்டும் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கேள்வி: ஆரம்பத்திலிருந்தே இப்படித்தானா?

இல்லை. 22 வயதில் எடுத்த முதல் படம் 'குடும்பக் கூடு' கைக்கேமராவும் முகங்களும் சண்டையுமாக இருக்கும். வீடு கிடைக்காமல் மாமனார் மாமியாரோடு ஒண்டுக்குடித்தனம் இருக்கும் ஒரு பெண்ணின் கதை. 1988இல் வந்த 'சாபம்' தொடங்கித்தான் மழை, சேறு, நிதானமாக நகரும் கேமரா. எழுத்தாளர் லாஸ்லோ கிராஸ்னஹோர்காய் அதில்தான் சேர்ந்தார்.

கேள்வி: நோபல் வாங்கினது இவர்தானே?

வாங்கியது கிராஸ்னஹோர்காய், 2025, இலக்கியத்துக்கு.

கேள்வி: எதில் தொடங்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: இவருடைய ஏழு மணி நேரப் படம் 'சாத்தான்டாங்கோ'வில் ஒரு சிறுமி பூனையை வதைக்கிறாளே. அதைப் பார்த்த பிறகும் இவரைக் கொண்டாடுகிறீர்களா?

இதே கேள்வி நான்கு பேரிடமிருந்து வந்திருக்கிறது. கால்நடை மருத்துவர் பக்கத்திலேயே இருந்தார், பூனைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தார் சொல்லியிருக்கிறார். இறந்துகிடப்பதாகக் காட்டும் இடத்தில் மயக்க மருந்து. ஆனால் அவள் அதைப் பிடித்து உருளும்போது தெரியும் மிரட்சி நடிப்பில்லை. எனக்கும் அந்த இடம் உறுத்துகிறது.

கேள்வி: கோழி பிரியாணி தின்கிறவர்கள் பூனைக்கு அழலாமா அண்ணே?

தட்டில் இருப்பதைச் சொல்லித் திரையில் இருப்பதை மூடவேண்டாம். அந்தச் சிறுமியை ஊரே மிதிக்கிறது, அவளுக்குக் கீழே இருக்கும் ஒரே உயிர் பூனை. காட்சி ஏன் அங்கே இருக்கிறது என்பதற்கு அது பதில். அதை எடுத்த விதம் சரியா என்பதற்குப் பதில் இல்லை. இரண்டையும் குழப்பித்தான் சண்டை போடுகிறீர்கள்.

கேள்வி: ஏழு மணி நேரப் படத்தை 1.5 வேகத்தில் பார்க்கலாமா?

கூடாது. முதல் காட்சியில் மாடுகள் கொட்டகையிலிருந்து சேற்றுக்குள் இறங்கி, காரை உதிர்ந்த சுவர்களைத் தாண்டி எட்டு நிமிடம் நடக்கின்றன. வேகம் கூட்டினால் மாடு ஓடும். அதற்கு மஞ்சுவிரட்டு பார்க்கலாம். போனும் கூடாது.

கேள்வி: ஆக்னேஷ் ஹ்ரனிட்ஸ்கி யார்? கடைசிப் படங்களில் பெயர் வருதே.

நல்ல கேள்வி, ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள். தாரின் படத்தொகுப்பாளர், மனைவியாகவும் இருந்தவர். 'வெர்க்மைஸ்டர்' முதல் இணை இயக்குநர் என்றே பெயர் வரும். 30 ஷாட்டில் முடியும் படத்துக்கு எடிட்டர் எதற்கு என்று சிரிக்கிறவர்கள், ஷாட் எங்கே தொடங்கி எங்கே நிற்கவேண்டும் என்பதைப் படப்பிடிப்புத் தளத்திலேயே முடிவுசெய்தாக வேண்டும் என்பதை யோசிப்பதில்லை.

கேள்வி: 'டூரின் குதிரை'யில் உருளைக்கிழங்கு தின்பதைத் தவிர என்ன நடக்கிறது?

கிணறு வற்றுகிறது. விளக்கு எரிய மறுக்கிறது. ஆறு நாளில் உலகம் அணைகிறது. ஒரு கை விளங்காத அப்பா, சுடச்சுட உருளைக்கிழங்கை மறுகையால் பிய்த்து ஊதி ஊதித் தின்பதை மறுபடி பாருங்கள். 2011இல் அதோடு முழுநீளக் கதைப்படங்கள் இயக்குவதை நிறுத்திக்கொண்டார். பிறகு போஸ்னியத் தலைநகர் சரயேவோவில் இளைஞர்களுக்குச் சினிமா சொல்லித்தந்தார்.

கேள்வி: அந்தப் பூனை இப்ப உயிரோட இருக்கா?

படம் வந்தது 1994 தம்பி.