டீச்சரைக் கேளுங்கள்: ஏழு வயது மூத்தவள்

கேள்வி: எனக்கு 34 வயது, வங்கியில் வேலை. நான் விரும்புகிறவருக்கு 27. என் வீட்டில் சரி என்றுவிட்டார்கள். அவருடைய தாத்தா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். மணமக்களுக்கு வயதுப் பொருத்தம் வேண்டுமென்று தொல்காப்பியமே சொல்கிறது என்கிறார். ‘பத்து வருடம் போனால் உன்னை அவனுக்கு அக்கா என்பார்கள்’ என்கிறார் அத்தை. இப்போது எனக்கே பயமாக இருக்கிறது.
- வாசகி, திருச்சி

பதில்: தாத்தா பொய் சொல்லவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் என்ற பகுதியில் தலைவனுக்கும் தலைவிக்கும் பத்து ஒப்புமைகள் சொல்லப்படுகின்றன. ‘ஆண்டு’, அதாவது வயது, அவற்றுள் ஒன்று. அருளும் உணர்வும்கூட அதே பத்துக்குள்தான் இருக்கின்றன. பெண் பார்க்கப் போன எந்த வீட்டிலும் அந்த இரண்டையும் யாரும் விசாரித்து நான் பார்த்ததில்லை. மாப்பிள்ளை பத்து வயது மூத்தவர் என்றால் தாத்தாக்களுக்கு இந்தச் சூத்திரம் நினைவுக்கும் வராது. சச்சின் டெண்டுல்கர் 1995-இல் தம்மைவிட ஐந்து வயதுக்கும் மேல் மூத்த அஞ்சலியை மணந்தார். உங்கள் அவர் வீட்டில் கிரிக்கெட் பார்ப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

அத்தை சொல்வது நடக்கும். எனக்கு நடந்தது. என் கணவர் என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர், அவருக்குச் சீக்கிரமே நரைத்துவிட்டது. ஒரு தீபாவளிக்கு ஜவுளிக் கடைக்குப் போனபோது கடைக்காரர், “அப்பாவுக்கு ஒரு நாற்காலி போடுப்பா” என்று பையனிடம் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் நிதானமாக உட்கார்ந்து, “அப்பா சொல்கிறேன், அந்தப் பச்சையை எடுத்துக்கொள்ளம்மா” என்றார். பில் போடும்வரை அந்த வேடத்தைக் கலைக்கவில்லை, பேரம் உட்பட. உங்கள் அவர் இப்படி ஒரு நாற்காலியில் உட்காரக்கூடியவரா என்று பாருங்கள்.

கடைக்காரர்களைச் சமாளித்துவிடலாம். எங்களைப் படுத்தியது வேறு. அவர் 58 வயதில் ஓய்வு பெற்றபோது எனக்கு 47. கல்யாணத்தன்று தெரியாத அந்தப் பதினோரு வருடம் அன்றைக்குத்தான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. காலையில் நான் டிபன் பாக்ஸோடு ஓடும்போது அவர் நாளிதழின் வரிவிளம்பரம்வரை படித்து முடித்திருப்பார். மாலையில் நாற்பது பிள்ளைகளின் சத்தம் காதில் இரைய நான் திரும்பினால், நாளெல்லாம் பேச ஆளில்லாமல் இருந்தவர் வாசலிலேயே நிற்பார். அவருக்குப் பேச வேண்டும், எனக்குப் பேச்சே கேட்கக் கூடாது. இரண்டு வருடம் சண்டை. பிறகு அவரே பக்கத்துத் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். நான் வரும்போது அவரும் தொண்டை கட்டிப்போய்க் களைத்திருப்பார். அப்புறம் சண்டையில்லை.

உங்கள் வீட்டில் இது தலைகீழாக வரும். உங்களுக்கு அறுபது ஆகும்போது அவருக்கு 53, அலுவலகம் அவரை இன்னும் பிழிந்துகொண்டிருக்கும். அதை இப்போதே பேசிவிடுங்கள். குழந்தை வேண்டுமா, எப்போது என்பதையும் கூச்சமில்லாமல் பேசி, ஒரு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். 34 வயதில் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பது 27 வயதுக்காரருக்குச் சுலபம், உங்களுக்கு அப்படியில்லை.

சட்டத்தில் தடை எதுவுமில்லை. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருந்தால் போதும், யார் மூத்தவர் என்று அது கேட்பதில்லை. தாத்தாவின் சம்மதமும் சட்டத்துக்கு வேண்டாம். உங்கள் இருவருக்கும் வேண்டுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: வயது 22. முதல் வேலை. என் மேலதிகாரிக்கு 41, மனைவியைப் பிரிந்தவர். ‘உன் வயதுப் பெண்களுக்கு இல்லாத முதிர்ச்சி உனக்கு இருக்கிறது’ என்கிறார். பிடித்திருக்கிறது. இப்போதைக்கு வெளியே சொல்ல வேண்டாம் என்கிறார்.
- வாசகி, ஓசூர்

பதில்: அந்த முதிர்ச்சி வசனத்தை என்னிடமும் ஒருவர் சொன்னார். அப்போது எனக்கு 19.

பத்தொன்பது வருட வித்தியாசத்தைக்கூட விடுங்கள். உங்கள் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவர் சொன்ன ஒன்றுக்கு ‘முடியாது’ என்று சொல்லிப் பாருங்கள். சிறிய விஷயமாகவே இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வர முடியாது என்பதுபோல. திங்கட்கிழமை அவர் முகம் எப்படி இருக்கிறது, உங்கள் மேஜைக்கு என்ன வேலை வருகிறது என்று கவனியுங்கள். பழிவாங்கல் தெரிந்தால் தேதியோடு குறித்து வையுங்கள். பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாத எந்த அலுவலகத்திலும் பெண்களின் புகாரைக் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். அதில் யார் யார் என்று இன்றே தெரிந்துகொள்ளுங்கள். இந்த வாரமே உங்கள் தோழி ஒருத்தியிடமாவது எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர் வேண்டாம் என்றார் என்பதற்காகவே சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு 28, என் நண்பருக்கு 66. பட்டறையில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் சதுரங்கம் ஆடுகிறோம். என் நிச்சயதார்த்தத்தில் ‘இவர் எனக்கு அப்பா மாதிரி’ என்று அறிமுகம் செய்தேன். அன்றிலிருந்து சரியாகப் பேசவில்லை. மரியாதையாகத்தானே சொன்னேன்?
- வாசகர், கோவை

பதில்: அவருக்கு வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள். ‘மாத்திரை போட்டீர்களா, வெயிலில் போகாதீர்கள்’ என்று அவர்கள் நாள்தோறும் அப்பாவாகவே அவரை நடத்துவார்கள். சனிக்கிழமை ஒருநாள்தான் எதிரில் இருப்பவன் இரக்கமில்லாமல் அவருடைய ராணியை வெட்டுகிறான். அதையும் நீங்கள் சபையில் பறித்துவிட்டீர்கள்.

குற்றம் முழுக்க உங்களுடையதல்ல. நம் ஊரில் மூத்தவர் ஒருவரை அண்ணன், மாமா, ஐயா என்று ஏதாவது உறவுக்குள் போட்டால்தான் நாக்குக்கு நிம்மதி. பக்கத்து வீட்டு வக்கீல் பெண்ணுக்கு 31, எனக்கு 72. பத்து வருடப் பழக்கம், இன்னும் ‘டீச்சர்’தான். ஆனால் என் சாம்பாரில் உப்பில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்கிறாள், அதனால் நான் பொருட்படுத்துவதில்லை.

கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொண்டுபோங்கள். உறையின் மேல் அவர் பெயருக்குக் கீழே ‘நண்பர்’ என்று எழுதுங்கள். பலகையையும் எடுத்துப்போங்கள். பாவம் பார்த்துத் தோற்காதீர்கள், கண்டுபிடித்துவிடுவார்.