கண்ணுக்குத் தெரியும் திட்டு, கணக்கில் ஏன் வரவில்லை?

கேள்வி: முதுகலைத் திட்டப்பணிக்காகக் கல்லூரி மைதானத்தில் ஒரு மீட்டர் குவாட்ரட்டை (உள்ளே உள்ள செடிகளைப் பார்க்கத் தரையில் வைக்கும் சதுரச் சட்டம்) 20 இடங்களில் வீசிப் பார்த்தேன். தொட்டாற்சிணுங்கி 19-இல் இருந்தது. நேரில் பார்த்தாலோ திட்டுத் திட்டாகத்தான் வளர்ந்திருக்கிறது. எங்கே தவறு?

பதில்: சட்டத்தின் அளவில். திட்டு இரண்டு சாண், இடைவெளியும் இரண்டு சாண் என்றால், ஒரு மீட்டர் சட்டம் எங்கே விழுந்தாலும் ஏதோ ஒரு திட்டைத் தொட்டுவிடும். நீங்களும் 'உண்டு' என்று எழுதிவிடுவீர்கள். வீசுவதையும் விட்டுவிடுங்கள், முள் இருக்கும் பக்கம் கை தானாகவே போகாது.

கம்பியில் 10 செ.மீ. சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டி, அதை ஒட்டி இடைவெளி விடாமல் 64 முறை வையுங்கள். மொத்தம் 6.4 மீட்டர், ஒரு காலை வேலை. தாவரச் சூழலியலாளர் கிரெய்க்-ஸ்மித் 1952-இல் விளக்கிய தொடர் குவாட்ரட் முறையின் எளிய வடிவம் இது. முதலில் 64 எண்ணிக்கைகளின் விலக்க வர்க்கச் சராசரியை (variance) கூட்டுச் சராசரியால் வகுங்கள். 1-ஐ ஒட்டி வந்தால் செடிகள் தற்செயலாகப் பரவியுள்ளன. நன்றாகக் கூடினால் திட்டு, குறைந்தால் சீரான இடைவெளி. சராசரி 4, விலக்க வர்க்கச் சராசரி 12 என்றால் விகிதம் 3, திட்டுதான்.

திட்டின் அகலம் வேண்டுமென்றால் அடுத்தடுத்த சட்டங்களை 2, 4, 8, 16 எனச் சேர்த்து, ஒவ்வொரு தொகுதி அளவிலும் அடுத்தடுத்த தொகுதிகளுக்கு இடையே எவ்வளவு வேறுபாடு என்று வரைபடம் போடுங்கள். 4-இல் உச்சம் வந்தால் திட்டு ஏறக்குறைய 40 செ.மீ. இதில் ஒரு குறை: அளவு இரட்டிப்பாகத்தான் ஏறும், தொடங்கும் இடத்தைப் பொறுத்து விடையும் மாறும். இன்னொரு சூழலியலாளர் ஹில் 1973-இல் சொன்ன, தொகுதியை ஒவ்வொரு சட்டமாக நகர்த்திப் பார்க்கும் முறை இதைச் சரிசெய்கிறது. 32-ஆம் அளவில் இரண்டே தொகுதிகள்தான் மிஞ்சும், அதை நம்ப வேண்டாம். மூன்று நான்கு கோடுகளாவது போடுங்கள். அவற்றின் தொடக்க இடங்களைச் சமவாய்ப்பு எண்களால் தேர்ந்தெடுங்கள்.

பரப்பு விழுக்காடு பார்க்காதீர்கள். சட்டம் பட்டதுமே இலை சுருங்கி, பாதிப் பரப்பு காணாமல் போய்விடும்! உள்ளே வேர் பிடித்த தண்டை மட்டும் எண்ணுங்கள். விளிம்பில் நிற்பதற்கு ஒரு விதி வையுங்கள்: இடது, கீழ் விளிம்பில் நின்றால் கணக்கில் சேரும், மற்ற இரண்டில் நின்றால் சேராது. அருகம்புல்லையும் சேர்ப்பதானால் இந்த எண்ணிக்கை உதவாது. ஓடுதண்டில் ஒரு செடி எங்கே முடிகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குச் சட்டத்தை 25 கட்டங்களாகப் பிரித்து, எத்தனை கட்டத்தில் இருக்கிறது என்று குறித்தால் போதும்.